வெயில் நாளில் வெளியே கிளம்பும்போது சாப்பாடு கட்டுவது எப்படி?

விடுமுறைக்குக் கிளம்புகிற அன்று காலையில்தான் நிறையப் பேர் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான். ஆறு மணிக்குச் சமைத்து, ஆவி பறக்கப் பறக்க டப்பாவில் போட்டு மூடி, பையில் திணித்துவிட்டு, மதியம் ஒரு மணிக்கு மர நிழலில் உட்கார்ந்து திறந்தால் ஒரு மாதிரி வாடை அடிக்கும். சமைத்த கையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, மூடி வைத்த அந்த ஏழு மணி நேரம்தான் கெடுத்தது.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கிற உணவில் கிருமிகள் மளமளவென்று பெருகும். சமைத்ததை அப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஆகவே ஒன்று கொதிக்கக் கொதிக்க ஃபிளாஸ்கில் எடுத்துப் போங்கள், அல்லது ஜில்லென்று ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். வெதுவெதுப்பாக எடுத்துப் போவதுதான் வம்பு.

ஃபிளாஸ்க் என்றால் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள், அதைக் கொட்டிவிட்டு உணவைப் போட்டால் சூடு நன்றாக நிற்கும். சோறு எடுத்துப் போகிறவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள், அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. முந்தின நாளே வடித்தால் அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள்.

இனி ஐஸ் பெட்டி. வெயிலில் கிடந்த பெட்டியில் ஐஸை வைத்தால் பாதி ஐஸ் பெட்டியைக் குளிர வைக்கவே செலவாகிவிடும், அதனால் முந்தின இரவே இரண்டு ஐஸ் பாட்டிலை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். ஐஸ் கட்டிகளைவிடத் தண்ணீர் பாட்டிலை உறைய வைப்பதுதான் எனக்குப் பிடிக்கும், மெதுவாகக் கரையும், கரைந்தால் குடிக்கலாம். ஆனால் கழுத்து வரை நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். இது தெரியாமல் நான் நிரப்பி வைத்த பாட்டில் விரிசல் விட்டு, வழியில் கரைந்து, ரொட்டியெல்லாம் கூழாகிவிட்டது. அன்று மதியம் எங்களுக்கு ஆளுக்கு ஒரு முட்டையும் வாழைப்பழமும்தான்.

குளிர் காற்று கீழே இறங்கும், எனவே அடியில் ஒரு வரிசை ஐஸ் வைத்தாலும் மேலேயும் கட்டாயம் ஒன்று இருக்கட்டும். கடைசியில் சாப்பிடுவதை அடியிலும், முதலில் சாப்பிடுவதை மேலேயும் அடுக்குங்கள். காலி இடம் இருந்தால் துண்டை மடித்துச் செருகுங்கள். சூடாக எதையும் உள்ளே வைக்கவே வேண்டாம், ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்ததை மட்டும் வையுங்கள். பெட்டியை டிக்கியில் போடாமல் ஏசி ஓடும் இடத்தில், காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் குடிப்பதற்குத் தனிப் பெட்டி. பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திறப்பார்கள், அதைத் தடுக்க முடியாது, சாப்பாட்டுப் பெட்டியாவது தப்பிக்கட்டும். போகிற இடத்தில் இறைச்சி சுடுவதாக இருந்தால் பச்சை இறைச்சியைச் சொட்டாமல் கட்டித் தனியாக வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு முழுத் திராட்சை கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். ஐந்து வயது வரை முழுக் கடலை, முந்திரியும் வேண்டாம், அதுவும் ஓடுகிற வண்டியில் கூடவே கூடாது. பயணத்தில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எண்ணெய் இல்லாத லேசான உணவாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்டாலும் ஆகாது. கையில் இருக்கும் ஃபோனை வாங்கி வைத்துவிட்டு ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பு அசைவதைக் காது உணர்ந்து கண் உணராததால்தான் குமட்டல் வருகிறது. எதற்கும் ஒரு பை கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நண்பர்கள் குடும்பமும் சேர்ந்து வந்தால் யார் எதைக் கொண்டுவருவது என்று முன்னாடியே பேசிவிடுங்கள். பேசாமல் போன ஒரு தடவை மூன்று வீட்டிலிருந்தும் ரொட்டி வந்தது, கத்தி ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை! கத்தி, உப்பு, குப்பைப் பை, கை கழுவத் தனித் தண்ணீர், இந்த நாலையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிடுங்கள். சானிடைசர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பிசுக்கும் மண்ணும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது.

மீந்ததை என்ன செய்வது? பெட்டியில் ஐஸ் இன்னும் கட்டியாக இருந்து, உணவைத் தொட்டால் ஜில்லென்று இருந்தால் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். விரிப்பில் பரப்பி வைத்து எல்லோரும் கைபோட்டதைப் பாவம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அப்புறம் எவ்வளவு அசதியாக இருந்தாலும் அன்று இரவே பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மூடியைத் திறந்தே வையுங்கள், ஈரத்தோடு மூடினால் அடுத்த விடுமுறை வரைக்கும் அந்த நாற்றம் உள்ளேயே இருக்கும்.