விறகு பிளப்பது எப்படி? முதன்முதலாகக் கோடாரி பிடிப்பவர்களுக்கு

வீட்டில் காஸ் இருந்தாலும், எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் களி கிண்டவும் வெந்நீர் வைக்கவும் கொல்லையில் ஒரு விறகடுப்பு இருக்கும். கூலிக்கு ஆள் தேடாமல் நாமே பிளந்துகொள்ளலாம். பலம்கூட அப்புறம்தான், முதலில் கட்டையைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பழகுவதற்கு மா நல்லது. மாந்தோப்புகளில் பட்ட மரம் வெட்டும்போது கேட்டுப் பாருங்கள். சுலபமாகப் பிளக்கும், ஆனால் சீக்கிரம் எரிந்து தீரும். சீமைக்கருவேலம் நின்று எரியும், கங்கும் நன்றாக இருக்கும். முள்ளைக் கழித்துவிட்டுத் தொடுங்கள். புளியும் நன்றாக எரியும்தான். ஆனால் உள்ளே நார் முறுக்கிக்கொண்டு கிடக்கும், கை பழகிய பிறகு பார்க்கலாம். முருங்கையில் சூடே இருக்காது. அரளியை அடுப்பில் வைக்கவே கூடாது, அதன் புகையும் விஷம். காப்புக்காட்டு மரத்திலும் சாலையோரப் புளியிலும் கை வைக்காதீர்கள்.

காயட்டும், பிறகு பிளக்கலாம் என்று பலர் போட்டு வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தைலமரம், வேலம் எல்லாம் காய்ந்தால் இறுகிவிடும், கோடாரி துள்ளும். பச்சையிலேயே பிளந்து காயவைத்தால் சீக்கிரமும் காயும்.

கட்டையை ஒன்றேகால் அடி நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் அகலமான அடிக்கட்டை ஒன்று வேண்டும். பிளக்க வேண்டியதை அதன் நடுவில் வைக்காமல், உங்களுக்கு எதிர்ப்பக்க ஓரமாக வையுங்கள். குறி தவறினால் கோடாரி அடிக்கட்டையில் இறங்கும், காலுக்கு வராது.

இனி கட்டையின் அறுத்த முகத்தைக் குனிந்து பாருங்கள். நடுவிலிருந்து வெளியே மயிரிழைபோல வெடிப்புகள் ஓடியிருக்கும். பெரிய வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தக் கோட்டிலேயே அடி விழ வேண்டும். பக்கத்தில் கணு இருந்தால் அதை விட்டு விலகி அடியுங்கள். கணு ஒரு முனையில் மட்டும் இருந்தால் அந்த முனை கீழே இருக்கட்டும். பருத்த கட்டையை நடுவில் பிளக்கப் பார்க்காமல் ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாக எடுங்கள்.

காலை அகட்டி நின்று, கை நீட்டினால் கோடாரி முனை கட்டையைத் தொடும் தூரத்தில் இருங்கள். ஓங்கும்போது மேல்கை காம்பின் தலைப்பக்கம். இறக்கும்போது அது கீழ்க்கையிடம் வழுக்கி வர வேண்டும். அடி விழும் நேரத்தில் முழங்காலை மடக்குங்கள், கோடாரி நேராக இறங்கும். கண் வெடிப்பிலேயே இருக்கட்டும்.

கோடாரி மாட்டிக்கொண்டால் காம்பை மேலும் கீழும் ஆட்டி எடுங்கள். வராவிட்டால் வெடிப்பில் இரும்பு ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடியுங்கள். கோடாரியின் பின்பக்கத்தால் ஆப்பை அடிக்கக் கூடாது, இரும்புத் தெறிப்பு கண்ணில் படும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். காம்பு ஆடுகிறதா என்று ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பிளந்ததைச் செங்கல்மேல் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'தொப்' என்றால் இன்னும் ஈரம். எடுக்கும்போது குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள், தேள் இருக்கும்.