பழைய லேசர்ஜெட் 1020-இல் பளிச்சென்று தமிழ் அச்சு

2005-இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட் 1020-ஐ இன்றும் பல டிடிபி கடைகளில் பார்க்கலாம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அச்சு, சுலபமாகக் கிடைக்கும் 12ஏ டோனர். கம்ப்யூட்டரை மாற்றியதும் பிரிண்ட் வரவில்லை என்று அதைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பக்கத்தை எப்படி வரைவது என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் இந்த பிரிண்டருக்குத் தெரியாது. பக்கம் முழுவதையும் கம்ப்யூட்டரே புள்ளிகளாக வரைந்து அனுப்புகிறது. இதில் நமக்கு லாபம்தான்: கம்ப்யூட்டருக்குச் சரியாக வரையத் தெரிந்த தமிழ், தாளிலும் அப்படியே விழும்.

படி 1: லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போட்ட கம்ப்யூட்டரில் யுஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஹெச்பி பிரிண்டர்களுக்கான ‘ஹெச்பிலிப்-ஜியுஐ’ (hplip-gui) மென்பொருளை நிறுவி, அதிலேயே பிரிண்டரைச் சேருங்கள். ப்ளகின் என்ற துணை மென்பொருளைக் கேட்கும்; இணையத்தில் இருந்தபடியே சம்மதம் கொடுங்கள். இதைத் தவிர்க்க முடியாது. 1020 தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனக்குள் வைத்திருப்பதில்லை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் ஊட்ட வேண்டும். பின்னாளில் அப்டேட் செய்ததும் அச்சு நின்றால் பிரிண்டரைக் கழற்றாதீர்கள். ஹெச்பிலிப்பும் ப்ளகினும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ப்ளகினை மறுபடி நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 2: பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் 1.6 போடுங்கள், இலவசம். பழைய 1.4 வேண்டாம். அதில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நிற்கும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த மேட்டர் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக இருக்கும்.

படி 3: ஏ4 பக்கம், நான்கு புறமும் 10 மிமீ ஓரம். தாளின் விளிம்பு வரை இந்த பிரிண்டர் அடிக்காது. எழுத்தை முழுக் கறுப்பிலேயே வையுங்கள். சாம்பல் நிறம் கொடுத்தால் அது புள்ளிப் புள்ளியாகச் சிதறி, 8 பாயிண்ட் ‘ணு’வின் சுழி அடைந்துபோகும். கட்டம் போடும் கோடு 0.25 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம். 600 டிபிஐயில் அதற்குக் கிடைப்பதே இரண்டு புள்ளி அகலம்தான்.

படி 4: எழுத்துருக்களை உள்ளே பதித்து பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்த பிடிஎஃப்பைத் திறந்து, அளவு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓர அளவு மாறிவிடும்.

அச்சு ஒரு பக்கம் மங்கினால் டோனரை வெளியே எடுத்து, இடமும் வலமுமாக ஐந்தாறு தடவை மெல்ல அசைத்துப் போடுங்கள். இன்னும் சில தாள் ஓடும். தாளை இழுக்கவில்லையா? கரண்டைத் துண்டித்துவிட்டு, தாள் இழுக்கும் ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

இருபுறமும் அடிக்க வேண்டுமானால் ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அச்சிட்டு, அந்தத் தாள்களைத் திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்களை அடிக்க வேண்டும். எப்படித் திருப்புவது என்பதுதான் குழப்பும். ஒரு வெற்றுத் தாளின் மேல் மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, ஒரே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை ஓடவிடுங்கள்.