யாரும் கேட்காத ஆல்பத்தைக் கேட்க வைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மச்சானுக்கு ஒரே நாளில் பத்து ஆல்பம் அனுப்பினேன். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் ஆளைப் பார்த்து.

கிட்டார் பிரியருக்குத் தென்னாப்பிரிக்க இசைக்குழு ஜுலூகாவின் முதல் ஆல்பம் ‘யுனிவர்சல் மென்’ (1979). பியானோ என்றால் டர்பனில் பிறந்த ஜாஸ் கலைஞர் பெக்கி ம்செலெகுவின் ‘செலிப்ரேஷன்’. கோயில் மேளம் கேட்டு வளர்ந்த மச்சானுக்கு, ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோ பகுதிக் குழு பட்சுமியின் 1974 ஆல்பம்; 2011இல்தான் மறுபதிப்பு வந்தது.

லிங்க் அனுப்பாதீர்கள். நான் காரில் ஏற்றிக்கொண்டு, பேர்கூடச் சொல்லாமல் போட்டுவிட்டேன். பாதி வழியில் அவர் விரல் டாஷ்போர்டில் தாளம் தட்டியது. வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். “யாரு இது?” என்று அவராகக் கேட்டார். சரி, இப்போது சொல்லலாம்.