ஷித்சோங்கா வினைச்சொல்லில் ஒட்டுகள்: எங்கே தவறுகிறோம்?

தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகளில் ஒன்றான ஷித்சோங்கா, லிம்போபோ மாகாணத்திலும் அதை ஒட்டிய மொசாம்பிக் பகுதியிலும் பேசப்படுகிற பாண்டு மொழி. அதன் வினைச்சொல்லில் முன்னொட்டும் பின்னொட்டும் ஒன்றையொன்று பார்த்துத்தான் நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் ஒன்றைச் சேர்த்துவிட்டு, அதனால் மாற வேண்டிய மற்றதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான பிழைகளுக்கு இதுதான் வேர்.

எதிர்மறையில் இது நன்றாகத் தெரியும். 'ன்ட்ஸி' என்றால் நான். 'லவ' என்றால் விரும்பு, வேண்டு. முன்னால் 'அ' போட்டால் எதிர்மறை என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் 'அ ன்ட்ஸி லவ' என்பார். கேட்பவருக்கு அது 'எனக்கு வேண்டியிருந்தது' என்ற பழைய செய்தி! 'வேண்டாம்' என்று சொல்ல ஈற்று உயிரும் இகரமாக வேண்டும்: 'அ ன்ட்ஸி லவி'. எழுத்தில் இரண்டுக்கும் முன்னால் இருப்பது அதே 'அ'தான். அதனால் கடைசி எழுத்தை விழுங்கிப் பேசவே கூடாது.

இறந்தகாலத்திலும் இதே கதைதான். 'ன்ட்ஸி ஃபம்பிலெ' என்றால் போனேன். போகவில்லை என்பதற்கு '-இலெ' முழுதாக விலகி '-அங்க' வரும்: 'அ ன்ட்ஸி ஃபம்பங்க'. இரண்டையும் சேர்த்து 'ஃபம்பிலங்க' என்றால் அது சொல்லே இல்லை. படர்க்கை ஒருமை இன்னும் கவனம் கேட்கும். அவன், அவள் இரண்டுக்கும் உடன்பாட்டில் வருகிற 'உ' எதிர்மறையில் மறைந்து, நிகழ்காலத்தில் 'அ ங்க ஃபம்பி' (போவதில்லை) என்று ஆகிவிடும்.

நிகழ்காலத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. 'ன்ட்ஸி ட்ய வுஸ்வ' என்றால் (சோளமாவுக்) களி சாப்பிடுகிறேன். செயப்படுபொருள் பின்னால் வராமல் வினையோடு பேச்சு முடிந்தால் 'ன்ட்ஸ ட்ய'. அங்கே 'ன்ட்ஸி ட்ய' என்று நிறுத்தினால் பாதியில் விட்ட பேச்சுபோல இருக்கும். இந்த 'ன்ட்ஸ'வை எதிர்மறைக்குக் கொண்டுபோகாதீர்கள். 'அ ன்ட்ஸ லவி' தவறு.

பின்னொட்டுகளுக்கு வரிசை உண்டு. 'ஷவ' வாங்கு, 'ஷவிஸ' வில், 'ஷவிஸெல' ஒருவருக்கு வில். செயப்பாட்டு விகுதியான '-இவ' இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும், வரும்போது லகரத்தையும் மாற்றிவிடும்: 'ஷவிஸெரிவ' (ஒருவருக்கு விற்கப்படு). இகரத்துக்கு முன் லகரம் ரகரமாகும் என்பதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். 'த்ஸல' (எழுது) 'த்ஸரிவ' ஆவதும் அதனால்தான்.

எழுத்து முறையும் ஏமாற்றும். ஜூலு மொழியில் எழுவாயைக் காட்டும் ஒட்டை ('நான்' என்பதற்கு வரும் 'ன்ட்ஸி' போன்றதை) வினையோடு சேர்த்தே எழுதுவார்கள். ஷித்சோங்காவில் இடம்விட்டு எழுதுவார்கள். அதைப் பார்த்துத் தனிச்சொல் என்று எண்ணி, எழுவாயாகப் பெயர்ச்சொல் இருக்கிறதே என்று கற்பவர்கள் அந்த ஒட்டை விட்டுவிடுகிறார்கள். 'வன' என்றால் பிள்ளைகள். 'வன ட்ய வுஸ்வ' தவறு; 'வன வ ட்ய வுஸ்வ' என்பதே சரி. 'பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்' என்பதில் நாம் 'ஆர்கள்' விகுதியை விடுவதில்லையே, அந்த இடம்தான் இந்த 'வ'வுக்கு.