பைன்வுட் டெர்பி கார்: முதலில் ஆணியைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் ஜனவரி பிறந்தால் கப் ஸ்கவுட்டில் (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்து சேரும். உள்ளே ஒரு பைன் மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நாலு ஆணி. இதைக் காராக்கிப் பைன்வுட் டெர்பி என்ற பந்தயத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்ஜின் எல்லாம் கிடையாது. சரிவான பாதையின் உச்சியிலிருந்து தானாக இறங்கி ஓட வேண்டியதுதான். அமெரிக்காவிலேயே வளர்ந்த அப்பாக்கள் பலர் சிறுவயதில் இதைச் செய்து பழகியவர்கள். நம் ஊரிலிருந்து வந்த நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. என் மகள் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் ஒரு ரம்பம்கூடக் கிடையாது. எதிர்வீட்டுப் பெரியவர் தன் கராஜைத் திறந்துவிட்டார், கதை நடந்தது.

இந்தப் போட்டியைத் தொடங்கியவர் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சைச் சேர்ந்த டான் மர்ஃபி. உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் கலந்துகொள்ள அவருடைய மகனுக்கு வயது போதவில்லை. அதனால் 1953-ல் கையில் அடங்கும் மரக் கார்களை வைத்து ஒரு பந்தயம் நடத்தினார். 2018 முதல் பெண் பிள்ளைகளும் கப் ஸ்கவுட்டில் சேரலாம் என்பதால் நானும் இதில் மாட்டிக்கொண்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். பொதுவான விதிகள்: நீளம் 7 அங்குலம், சக்கரத்தோடு சேர்த்து அகலம் இரண்டே முக்கால் அங்குலம், எடை 5 அவுன்ஸ். இவற்றுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு பேக்கும் (உள்ளூர் கப் ஸ்கவுட் குழு) இதோடு தனக்கென்று சில விதிகள் வைத்திருக்கும். கட்டையில் கை வைக்கும் முன் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிடுங்கள்.

வடிவத்தைப் பிள்ளையிடம் விடுங்கள். தட்டையான கார் காற்றைக் கொஞ்சம் சுலபமாகக் கிழிக்கும், அது உண்மைதான். ஆனால் அச்சும் எடையும் செய்கிற வித்தியாசத்துக்கு முன் அது பெரிய விஷயமில்லை. என் மகள் வெண்டைக்காய் வடிவில் வேண்டும் என்றாள் (தட்டில் வைத்தால் தொடமாட்டாள்). பச்சை வெண்டைக்காயே ஓடியது. மூக்கை மட்டும் ரொம்பத் தூக்கிவிட வேண்டாம். பாதையின் தொடக்கத்தில் ஒரு குச்சி இருக்கும், கார் அதில் முட்டி நிற்க வேண்டும். அச்சு போகும் இடத்தைச் சுற்றி மரத்தை மெலிய விடாதீர்கள். அறுப்பதை நீங்கள் செய்யுங்கள், பிள்ளை உப்புத்தாள் போடட்டும்: முதலில் 80-ஆம் எண் தாள், பிறகு 150, கடைசியில் 220.

அறுக்கும் முன் கட்டையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் அச்சுக்கான இரண்டு காடிகள் இருக்கும். ஒன்று ஓரத்துக்குப் பக்கமாகவும் மற்றது சற்றுத் தள்ளியும் இருக்கும். ஓரத்துக்குப் பக்கமானதைப் பின்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எடையைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

இப்போது ஆணி. பெரும்பாலானவர்கள் பெயின்டில் ஒரு வாரம் செலவழித்துவிட்டு ஆணியை அப்படியே அடித்துவிடுகிறார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: தலைக்கு அடியில் பிசிறு, தண்டில் தயாரிப்பின்போது விழுந்த கோடுகள். சக்கரம் உரசுவது சரியாக அந்த இடத்தில்தான். ஆணியின் கூர்முனைப் பக்கத்தை டிரில் மெஷினில் பிடித்து மெதுவாகச் சுற்றவிட்டு, மெல்லிய அரத்தால் பிசிறை எடுங்கள். அப்புறம் தண்ணீரில் நனைத்த எமரித் தாள்: 400, 600, 1000, முடிந்தால் 2000. தாளை நீளவாக்கில் கிழித்து இரு முனையையும் பிடிக்க வேண்டும், விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், நீளமுடி இருந்தால் கட்டிக்கொள்ள வேண்டும். கடைசியில் குத்துவிளக்கு தேய்க்கும் பிராஸோவைத் துணியில் தொட்டு ஒரு தேய்ப்பு. பிறகு நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும், மங்கிக் கிடந்த ஆணி பளபளவென்று ஆவதைக் கண்ணெதிரே பார்க்கிறதே! சக்கர விளிம்பில் பிளாஸ்டிக் பிசிறு இருந்தால் லேசாகத் தேய்க்கலாம். சக்கரத்தின் வடிவத்தை மாற்றப் பெரும்பாலும் அனுமதியில்லை.

எடை 5 அவுன்ஸை ஒட்டி இருக்க வேண்டும், அதாவது 141.7 கிராம். கனமான காரைக் காற்று அவ்வளவு சுலபமாகத் தடுக்க முடியாது. எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சரிவில் நிற்கும் காரின் பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கும். எடை அங்கே இருந்தால் அது கூடுதல் தூரம் இறங்கும், வேகமும் கூடும். அதற்காகப் பின்கோடிக்கே தள்ளிவிட்டால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு கார் ஆடும். காரை ஒரு ஸ்கேலின் விளிம்பில் வைத்துப் பாருங்கள்: பின் அச்சுக்கு முன்னால் முக்கால் முதல் ஒரு அங்குலத்துக்குள் சமநிலையில் நின்றால் போதும். டங்ஸ்டன் கட்டிகள் விலை கூடுதல், ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம், சின்னத் துளையிலேயே அடங்கிவிடும். பிள்ளைகள் கைபடும் பொருளில் ஈயம் வேண்டாம். கடைசித் துளி எடைக்கு நிக்கல் எனப்படும் ஐந்து சென்ட் நாணயம் வசதி, ஒன்று சரியாக 5 கிராம். எடை பார்க்கும்போது சக்கரம், ஆணி, பெயின்ட் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். வீட்டுத் தராசும் பந்தயம் நடத்துபவர்களின் தராசும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், 141 கிராமில் நிறுத்துங்கள்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே சக்கரம் மாட்டுங்கள். சக்கரத் துளைக்குள் கிராஃபைட் தூள் போட்டு, சுற்றிவிட்டு, மறுபடி போடுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்துக்கொள்ளும். சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே கிரெடிட் கார்டு தடிமன் இடைவெளி இருக்கட்டும். லேசாகச் சாய்த்த பலகையில் உருட்டிப் பார்த்து, நேராகப் போகும்வரை ஆணியைத் துளித்துளியாகத் திருப்புங்கள். பாதையின் நடுவில் ஓடும் பட்டையில் கார் மோதி மோதிப் போனால் இத்தனை பாடும் வீண். திருப்தியானதும் காடியில் ஒரு சொட்டு மரப்பசை. சூப்பர் க்ளூ வேண்டாம், அது சக்கரத்துக்குள் ஓடிவிடும்.

பந்தயத்தில் ஷோரூமிலிருந்து எடுத்துவந்த மாதிரிச் சில கார்கள் நிற்கும். எடை எங்கே வைத்திருக்கிறாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டால் அப்பாவைத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அதில் மரியாதை இல்லை.

பரிசோதனை மேசையில் கொடுத்துவிட்டால் பிறகு காரைத் தொட விடமாட்டார்கள். கடைசி கிராஃபைட்டை வரிசையில் நிற்கும்போதே போட்டுவிடுங்கள். எடை கூடிவிட்டால் குறைக்க ஒரு திருப்புளி கையில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், கிராஃபைட் கறை லேசில் போகாது.