கட்டி பிடிக்காத கறிவேப்பிலை உப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுச்சேரி வீடுகளில் உப்பு ஜாடி கசிய ஆரம்பிக்கும். தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நான் செய்து வைத்த கறிவேப்பிலை உப்பு, பாட்டிலுக்குள்ளேயே இறுகிப் போனது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக்கொள்ளும். கல் உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே இழுக்கும்.

அதனால் இப்போதெல்லாம் கல் உப்பை முதலில் வறுத்துவிடுகிறேன். சிறு தீதான். கற்களுக்குள் இருக்கும் ஈரம் படபடவென்று வெடித்து வெளியேறும். அந்தச் சத்தம் அடங்கி, உப்பு கரண்டியில் ஒட்டாமல் மணல் போல உதிர்ந்தால் இறக்கலாம். கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, அப்புறம் வெறும் வாணலியில் விரலால் தொட்டாலே நொறுங்கும்வரை வறுக்க வேண்டும். காம்பையும் நடுநரம்பையும் எடுத்துவிடுங்கள், ஈரம் அங்கேதான் தங்கும். 4 பங்கு உப்புக்கு 1 பங்கு இலைப்பொடி எனக்குப் பிடித்த அளவு.

எலுமிச்சை உப்புக்குத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சீவுங்கள், வெள்ளை கசக்கும். உப்போடு பிசறிக் காயவைத்தால் வாசனை உப்பிலேயே ஏறிவிடும்.

எதுவானாலும் முழுக்க ஆறிய பிறகே பாட்டிலில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடி வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீண்.

தயிர் சாதத்திலும் வறுத்த வஞ்சிரத்திலும் மேலாகத் தூவினால் அருமை. குழம்புக்கு அயோடின் உப்பையே போடுங்கள். பரிசாகக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.