பனிக்கடல் படத்தை முற்றத்தில் காட்டுவது எப்படி

1933இல் வெளிவந்த 'எஸ்கிமோ' படத்தை திருகோணமலை உப்புவெளியில் எங்கள் முற்றத்தில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். நீங்களும் காட்டலாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெள்ளை வேட்டியைக் கயிற்றில் தொங்கவிடாதீர்கள், பாய்மரமாகிவிடும். சுவரோடு ஒட்டி, நான்கு மூலைகளையும் ஆணியடித்து இறுக்குங்கள். நன்றாக இருட்டிய பிறகே தொடங்குங்கள். வெண்பனிக் காட்சிகள் மங்கலில் எடுபடாது.

முக்கியமான வேலை மொழிதான். அலாஸ்காவின் டெல்லர் பகுதியில் எடுக்கப்பட்ட இந்தப் பேசும்படத்தில் அங்குள்ள பூர்வகுடிகளான இனுப்பியாக் மக்கள் தங்கள் மொழியிலேயே பேசுகிறார்கள். பொருள் ஆங்கில எழுத்து அட்டைகளாக வருகிறது. முதல் நாளே தனியாகப் பார்த்து, ஒவ்வோர் அட்டையையும் தமிழில் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டை வரும்போது நிறுத்தி, உரக்க வாசியுங்கள். அவர்கள் பேசும்போது மட்டும் வாயே திறக்காதீர்கள். அந்தக் குரல்களைப் பிள்ளைகள் கேட்க வேண்டும். என் அம்மம்மா அட்டைகளைக் கவனிக்கவேயில்லை, குரலைக் கேட்டே அழுதார்.

கதாநாயகனான வேட்டைக்காரன் மாலாவின் மனைவிக்குக் கப்பல் தலைவன் இழைக்கும் கொடுமை சிறுவர்களுக்கு உகந்ததல்ல. அந்த இடத்தை முன்பே குறித்துவைத்துத் தாண்டிவிடுங்கள். தலைப்பிலுள்ள பெயரை அம்மக்களில் பலர் இன்று விரும்புவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

படம் ஏறத்தாழ 2 மணி நேரம். படத்தொகுப்புக்கான முதல் ஆஸ்கார் விருது இதற்கே கிடைத்தது. வேட்டைக் காட்சிகளை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். எங்கள் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் எழுந்து நின்றார்கள்.